ஸ்விஃப்ட்டா, ஜான்சனா? போர் வேண்டாம்னு எழுதுன ரெண்டு பேர்

1711 நவம்பர்ல எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் போட்ட 'கூட்டாளிகளின் நடத்தை'ங்கற அரசியல் பிரசுரம், 1771ல இன்னொரு ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் தென் அட்லாண்டிக்ல இருக்குற ஃபாக்லாந்து தீவு தகராறு பத்தி எழுதுனது, ரெண்டையும் அடுத்தடுத்து படிச்சேன். ரெண்டுமே ஆட்சியில இருந்தவங்க பக்கம் நின்னு சமாதானம் கேக்குற எழுத்துதான்.

ஸ்விஃப்ட் முழுக்க கணக்கு பாக்குறாரு. ஸ்பெயின் அரியணை யாருக்குன்னு பிரான்ஸோட நடந்த ஸ்பானிய வாரிசுரிமைப் போர் வருஷக்கணக்கா இழுக்குது, கூட்டாளிகளான டச்சுக்காரங்களும் ஆஸ்திரியாவும் ஒத்துக்கிட்ட பங்க தராம செலவ பிரிட்டன் தலையில கட்டிட்டாங்க, லாபம் பாக்குறது தளபதி மார்ல்பரோவும் அரசுக்கு கடன் குடுத்து வட்டி வாங்குறவங்களும்தான்னு அடிச்சு சொல்றாரு. ரெண்டே மாசத்துல 11,000 காப்பி வித்துச்சு, அந்த டிசம்பர்லயே மார்ல்பரோ பதவி போச்சு, 1713ல பிரிட்டன் அந்த போர்ல இருந்து வெளிய வந்த உட்ரெக்ட் சமாதான ஒப்பந்தம். தாக்கம்னா இதுதான் பெருசு, ஆனா மார்ல்பரோ விஷயத்துல நியாயமா எழுதலன்னுதான் எனக்கு தோணுது.

ஜான்சன் கதை வேற. 1770ல ஃபாக்லாந்துல போர்ட் எக்மான்ட்ங்கற இடத்துல இருந்த பிரிட்டிஷ்காரங்கள ஸ்பெயின் வெளியேத்துனதும் எதிர்க்கட்சி சண்டைக்கு துடிக்குது. அவரோ, போருக்கு போறவங்கள்ல எதிரி கையால சாகுறது கொஞ்சம் பேர்தான், மத்தவங்க கூடாரத்துலயும் கப்பல்லயும் ஈரத்துல அழுகி, கேக்க நாதியில்லாம சாகுறாங்க, ராணுவத்துக்கு சப்ளை பண்ற கான்ட்ராக்டர்தான் பணக்காரனாகுறான்னு எழுதுறாரு. அரசாங்கம் அவருக்கு வருஷம் 300 பவுண்டு பென்ஷன் குடுத்துச்சு, உண்மைதான். ஆனா அந்த வரிகள காசுக்காக எழுதியிருக்க முடியாது. ஒண்ணுதான் படிக்க நேரம் இருக்குன்னா ஜான்சன எடுங்க.