நாக்கிங் வந்தால் 97 பெட்ரோல் அடிப்பதா, கார்பன் எடுப்பதா?

மலேசியாவில் தாப்பாவிலிருந்து கேமரன் மலையின் ரிங்லெட் வரை ஏறும் பழைய பாதையில் கியரைக் குறைக்காமல் மிதித்தால், சில வண்டிகளில் தகர டப்பாவில் ஆணி குலுக்குவது போலச் சத்தம் வரும். காலை எடுத்தால் நின்றுவிடும். அதுதான் நாக்கிங். ஸ்பார்க் கொளுத்தும் நெருப்பு பரவி முடிவதற்குள், மிச்சமிருக்கும் பெட்ரோலும் காற்றும் தானாக வெடிக்கின்றன. வண்டி நிற்கும்போதே 'டிக் டிக்' என்று மெல்லக் கேட்டால் பெரும்பாலும் வால்வைத் தள்ளும் டாப்பெட். அடியிலிருந்து கனமாக 'டொக் டொக்' என்றால் எஞ்சின் தண்டைத் தாங்கும் பேரிங்காக இருக்கலாம்; அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

எங்கள் பீடோர் ஊர்ப் பக்கம் நாக்கிங்குக்கு மூன்று வழி சொல்வார்கள்: டைமிங்கைத் தள்ளுவது, 97 அடிப்பது, கார்பன் எடுப்பது. என் புரோட்டோன் வீரா காருக்கு நான் எடுத்தது கார்பன், அதாவது எஞ்சினுக்குள் படிந்த கரியை எடுக்கும் வழி. அதனால் என் பேச்சு அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும்.

பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்தனுப்பும் டிஸ்டிரிபியூட்டரைத் திருப்பி, ஸ்பார்க் விழும் நேரமான டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளுவது மலிவு. சத்தம் போய்விடும், கூடவே இழுவையும் போய்விடும். பெட்ரோல் அதிகம் குடிக்கும், சூடும் ஏறும். டைமிங் ஏற்கெனவே தப்பியிருந்தால் மட்டும் செய்ய வேண்டிய வேலை அது.

97 ஆக்டேன் பெட்ரோல் அடித்தாலும் பலன் உண்டு, மறுக்கவில்லை. அது வலு கூடிய பெட்ரோல் அல்ல. தானாக வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். ஆனால் என் வண்டி வெகுகாலம் சாதாரண 95 பெட்ரோலில் சத்தமில்லாமல் ஓடியது. அதே எஞ்சின் இப்போது 97 கேட்கிறது என்றால் உள்ளே ஏதோ மாறியிருக்கிறது. அதைத் தேடாமல் ஒவ்வொரு தடவையும் காசு கட்டுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. 2025 செப்டம்பர் இறுதியில் பூடி95 என்ற அரசு மானியத் திட்டத்தில் 95 பெட்ரோல் லிட்டருக்கு 1.99 வெள்ளி (ரிங்கிட்) ஆனபோது, 97 மூன்று வெள்ளிக்கு மேல் இருந்தது. 40 லிட்டருக்கு 40 வெள்ளிக்கு மேல் வித்தியாசம், அதுவும் வண்டி ஓடும் காலம் முழுக்க. பெட்ரோல் பணம் மாதாமாதம் போகும்; கார்பன் எடுக்கும் கூலி ஒரு தடவையோடு முடியும். எனக்கு முடிவைச் சொன்னது இந்தக் கணக்குதான்.

தோட்டத்து வண்டிக்குக் கார்பன் சீக்கிரம் சேரும். லயத்து வீட்டிலிருந்து பள்ளி, கடை, கோயில் என்று எஞ்சின் சரியாகச் சூடாவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. பிஸ்டன் தலையில் படியும் கரி உள்ளிடத்தைச் சுருக்கி அழுத்தத்தைக் கூட்டுகிறது. கரியே தணல் போலக் கனன்று நிற்கிறது. இரண்டுமே நாக்கிங்கைத் தூண்டும்.

பட்டறையில் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள். "தம்பி, இதுலயே பளபளன்னு அலுமினியப் பொட்டு இருந்தா பிஸ்டனே கரையுதுன்னு அர்த்தம். நல்லவேளை, உனக்கு இல்ல," என்றார் மெக்கானிக் அண்ணன். நாலு பிஸ்டனையும் பாதி உயரத்தில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் கார்பன் கரைக்கும் மருந்தை ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிட்டார். காலையில் மிச்சத்தை உறிஞ்சியெடுத்து, பிளக் மாட்டாமலே எஞ்சினைச் சுற்றவிட்டார். திரவம் உள்ளே இருக்க பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வீட்டில் செய்பவர்கள் இதில் கவனம். பிறகு எஞ்சின் ஆயிலையும் பிளக்கையும் கட்டாயம் மாற்ற வேண்டும், மருந்து ஆயிலில் இறங்கியிருக்கும்.

கூடவே ரேடியேட்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். அடைத்த ரேடியேட்டரோடு சூடேறும் எஞ்சின், கரி இல்லாவிட்டாலும் தட்டும்.

இப்போது அதே ஏற்றத்தில் 95-ஓடு சத்தமில்லாமல் போகிறேன். எத்தனை வருஷம் தாங்கும் என்று உறுதி கொடுக்க மாட்டேன். குட்டிப் பயணம்தான் அதிகம் என்றால் கரி திரும்பவும் சேரும். டர்போ வண்டி எனக்குப் பழக்கமில்லை, அதற்கு இந்தக் கணக்கை அப்படியே போடாதீர்கள். பெட்ரோல் டேங்க் மூடியில் 97 என்று எழுதியிருந்தால் 97-தான். நாக்கிங்கைக் கண்டுபிடிக்கும் நாக் சென்சார் உள்ள வண்டியில் கம்ப்யூட்டரே டைமிங்கைக் குறைத்துவிடும், சத்தம் காதுக்கு வராமலே போகலாம்; ஏற்றத்தில் இழுவை குறைகிறதா என்று கவனியுங்கள்.