ஆபீசா, கொலுசுப் பட்டறையா, ஏற்காடு தோட்டமா?

எனக்கு ஆட்டிசம் இருப்பது வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அப்போது சேலத்தில் ஒரு துணிக்கடையின் கணக்குப் பிரிவில் இருந்தேன். அப்புறம் ஒரு பருவம் ஏற்காட்டில் காபித் தோட்டம். இப்போது சிவதாபுரம் பக்கம் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. என்னைப் போன்ற பிள்ளைகளைப் பெற்றவர்கள் எது தேவலை என்று கேட்கிறார்கள். நான் பட்டறைக் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆபீசில் மாதம் பிறந்தால் சம்பளம், பட்டறையில் செய்த வேலைக்குக் கூலி. அங்கே ஏசி, இங்கே வெக்கை. பெண் பார்க்கும் இடத்தில் ஆபீஸ் என்றால் ஒரு மரியாதை. இதெல்லாம் தெரிந்த விஷயம்தான், நீட்டவில்லை.

சத்தத்தைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். பட்டறையில் சத்தம் அதிகம்தான். ஆனால் பற்றவைக்கும் கேஸ் ஊதுவதும் சங்கிலி பின்னும் மிஷின் ஓடுவதும் ஒரே சீராக இருக்கும். கொஞ்ச நேரத்தில் காது அதை விட்டுவிடும். ஆபீசில் எந்த போன் எப்போது அடிக்கும், யார் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று பேசுவார்கள் என்று தெரியாது. எனக்கு அதுதான் கஷ்டம். இது ஆளுக்கு ஆள் மாறும்.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது வேறொன்று: வேலை முடிந்துவிட்டது என்பதை யார் சொல்கிறார்கள்?

ஆபீசில் மேலாளர் காலையில் "அவசரமில்லை, மெதுவா முடிங்க" என்பார். மாலையில் "இன்னும் முடியலையா?" என்பார். இரண்டுக்கும் நடுவில் அவர் முகத்தைப் பார்த்து நான் ஏதோ புரிந்துகொண்டிருக்க வேண்டும். மற்றவர்களுக்குப் புரிந்தது, எனக்குப் புரியவில்லை. பில் பதிவில் தப்பு வராது. ஆனாலும் "இன்னும் கொஞ்சம் ஈடுபாடு வேணும்" என்று சொல்வார்கள். ஈடுபாட்டை எதில் அளப்பது? நாள் முழுக்க முகங்களைப் படித்துப் படித்து, வீட்டுக்கு வந்தால் சாப்பிடக்கூடத் தெம்பு இருக்காது. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கிடப்பேன். அம்மா அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்தார்.

பட்டறையில் வேலை முடிந்ததைத் தராசு சொல்லிவிடும். காலையில் சங்கிலியும் சலங்கை மணிகளும் எடை போட்டுக் கொடுப்பார்கள், நோட்டில் கிராம் கணக்கில் எழுதுவார்கள். என் வேலை, சின்னக் குறட்டால் வளையத்தைத் திறந்து, மணியை மாட்டி, இடைவெளி தெரியாமல் மூடுவது. வளையம் சரியாக மூடவில்லையென்றால் அந்த இடத்தில் நூல் மாட்டும். அதனால் ஒவ்வொரு கொலுசையும் ஒரு துணியில் இழுத்துப் பார்ப்பேன். மாலையில் முடிந்தது, மிச்சம், உதிர்ந்த தூள் எல்லாம் சேர்த்து மறுபடி எடை. சேதாரத்துக்கென்று ஒத்துக்கொண்ட அளவுக்குள் இருந்தால் சரி. "தராசுல வெச்சுட்டுக் கிளம்பு தம்பி" என்பார் பட்டறைக்கார அண்ணன். நான் சிரித்தேனா, கண்ணைப் பார்த்துப் பேசினேனா என்பது அந்த நோட்டில் ஏறாது. வீட்டுக்கு வந்தால் இப்போது சாப்பிட்டுவிட்டுத் தங்கையோடு பேசவும் முடிகிறது.

குறை இல்லாமல் இல்லை. வெள்ளி விலை ஏறினால் ஆர்டர் குறைகிறது, கூலியும் குறைகிறது. அழுக்கெடுக்க அமிலத்தில் போடும் இடத்தில் நெடி தாங்காது. சின்னப் பட்டறை என்றால் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) எதையும் எதிர்பார்க்க முடியாது. இந்த ஒன்றில் ஆபீசுக்குத்தான் என் ஓட்டு: ஈ.எஸ்.ஐ.க்குள் வரச் சம்பள வரம்பு மற்றவர்களுக்கு 21,000 ரூபாய் என்றால், மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000. உடம்புக்கு அடிக்கடி முடியாமல் போகிறவர்கள் இதை யோசித்தே ஆக வேண்டும்.

ஏற்காட்டைப் பற்றி அளந்துதான் பேச முடியும், எனக்குத் தெரிந்தது ஒரு பருவம்தான். சில்வர் ஓக் மர நிழல், அதில் ஏறிய மிளகுக் கொடி, குளிர், ஆள் அரவம் இல்லாத காலை: இடம் என்று பார்த்தால் மூன்றில் இதுதான் உசத்தி. அங்கேயும் பறித்த பழத்தை எடை போடுகிறார்கள். ஆனால் எடை என் கையில் மட்டும் இல்லை; செடி எவ்வளவு காய்த்திருக்கிறது என்பதும் சேர்ந்துகொள்கிறது. நவம்பர் வாக்கில் தொடங்கும் அறுவடை சில மாதங்களில் முடிந்துவிடும், அதன்பின் களையெடுப்பு, கவாத்து என்று வேலை மாறிக்கொண்டே இருக்கும். மாற்றம் ஒத்துவராத எனக்கு அது சரிப்படவில்லை. ஆண்டு முழுக்க மேலேயே தங்கிவிடுபவர்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம்.

அரசு வேலையைக் கேட்பார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 2016 சட்டம் அரசுப் பணியில் அவர்களுக்கு 4 சதவீதம் ஒதுக்குகிறது. ஆட்டிசம் அதில் சேர்ந்ததே அப்போதுதான். ஆனால் அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாவற்றுக்கும் ஆட்டிசத்துக்கும் சேர்த்து 1 சதவீதம்தான். குறைந்தது 40 சதவீதக் குறைபாடு என்று சான்றும் வேண்டும். சான்றுக்கான மதிப்பீட்டில் 40 கேள்விகள். மதிப்பெண் 70க்குக் கீழே போனால் ஆட்டிசமே இல்லை என்று எழுதிவிடுவார்கள். வளர்ந்து, மற்றவர்களைப் போல நடித்துப் பழகிவிட்டவர்களுக்கு இது சிக்கல். பரீட்சைக்குப் படியுங்கள், ஆனால் ஒரு வேலையில் இருந்துகொண்டே படியுங்கள்.

பட்டறை பார்க்கப் போவதானால் தீபாவளிக்கு முந்தைய மாதம் போங்கள், நெரிசலும் அவசரமும் அப்போதுதான் தெரியும். தினமும் எடை போட்டு எழுதுகிறார்களா, வாரக் கடைசியில் மொத்தமாகவா என்று கேளுங்கள். மொத்தமாக என்றால் அடுத்த பட்டறையைப் பாருங்கள். அமிலத் தொட்டிப் பக்கம் இடம் கொடுத்தால் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிறகு இடம் மாற்றித் தர மாட்டார்கள்.