கோட்டவாசல் ரோட்டுல "அஷ்டசூர்ணம்" வாங்குறவங்க இத படிச்சிட்டு வாங்குங்க

செங்கோட்டை, புளியரை, தென்காசி பக்கம் இருக்கவங்களுக்கும், குத்தாலத்துல குளிச்சிட்டு அப்படியே தென்மலை பாத்துட்டு வரலாம்னு போறவங்களுக்கும் தான் இந்த பதிவு. (கோட்டவாசல்னா செங்கோட்டை தாண்டி வர்ற தமிழ்நாடு-கேரளா எல்லை. அஷ்டசூர்ணம்னா வாயுவுக்கும் பசிக்கும் சோத்தோட சாப்பிடுற எட்டு சாமான் ஆயுர்வேதப் பொடி.) கடை பேரு போடல, புகார் குடுத்திருக்கோம், அது முடியட்டும். ஆனா எங்க அத்தை அஞ்சு நாள் ஆஸ்பத்திரில கெடந்துட்டு வந்திருக்காங்க, இத சொல்லாம இருக்க மனசு வரல.

அத்தைன்னா என் மாமியார். 67 வயசு, பொறந்த வீடு மலைக்கு அந்தப்பக்கம் கேரளால இருக்க ஆரியங்காவு. செங்கோட்டைக்கு வாக்கப்பட்டு வந்து 45 வருசம் ஆச்சு, ஆனாலும் மருந்துன்னா அவங்களுக்கு மலைக்கு அந்தப்பக்கம் தான். கொஞ்ச வருசமாவே சாப்பிட்ட ஒடனே வயிறு கல்லு மாதிரி ஆயிரும், ஏப்பம் ஏப்பமா வரும், மறுவேளைக்கு பசியே இருக்காது. கேஸ் மாத்திரை போட்டு போட்டு சலிச்சுப் போய், "எங்கம்மை சோத்துல மொத உருண்டைக்கு நெய் ஊத்தி அஷ்டசூர்ணம் பெசஞ்சு குடுப்பா, அத தின்னா எல்லாம் சரியாப் போவும்"னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க.

போன ஆடி மாசம் ஆரியங்காவுல ஒரு துஷ்டி வீட்டுக்குப் போயிட்டு கார்ல திரும்பி வரோம், கோட்டவாசல் தாண்டுறதுக்கு முன்னாடி ரோட்டோரமா ஒரு கடை, கர்க்கிடக மாச (மலையாளத்து ஆடி மாசம்) ஸ்பெஷல்னு தமிழ்லயும் மலையாளத்துலயும் போர்டு, உள்ள தன்வந்திரி படம், நிலவிளக்கு எரியுது, வெள்ள வேட்டி கட்டுன ஒருத்தர் ஒக்காந்திருக்காரு. நம்ம ஆளுக நம்புறதுக்கு வேற என்ன வேணும். அத்தை கைய புடிச்சு நாடி பாத்தாரு, குடல்ல பழைய கழிவு தங்கியிருக்கு, ஒரு மண்டலம் சாப்பிடணும்னு சொல்லி 200 கிராம் டப்பா 650 ரூபான்னு மூணு டப்பா எடுத்து வச்சாரு. 1950 ரூபா. பில்லு கேட்டதுக்கு மெஷின் ரிப்பேர்னாரு, பணம் குடுக்க போன்ல ஸ்கேன் பண்ணா கடை பேரே வரல, ஏதோ ஒரு ஆள் பேரு வந்துச்சு. அப்பவே யோசிச்சிருக்கணும்.

ஒண்ணு மட்டும் சொல்லணும். அத்தை அங்கயே டப்பாவ தொறந்து உள்ளங்கைல கொஞ்சம் தட்டி, விரலால தேச்சு மோந்து பாத்துட்டு "காயம் மணமே இல்லையே மோளே"ன்னாங்க. காயம்னா பெருங்காயம். அந்தாளு ஒடனே "இப்போ ஆர்க்கும் அந்த வாசனை புடிக்கல அம்மே, அதான் சுத்தி செஞ்சு மணத்த எடுத்துட்டோம்"னாரு. நானும் "வைத்தியருக்குத் தெரியாதா அத்தை, வாங்க"ன்னு கூட்டிட்டு வந்துட்டேன். சின்ன வயசுல இருந்து அத தின்னு வளந்தவங்க, அவங்க மூக்கு சொன்னத நான் கேக்கல. அத நெனச்சா இன்னும் வயித்த பெசையுது.

ராத்திரி ஒரு ஸ்பூன் வெந்நீர்ல கலக்கி குடிக்கச் சொன்னாரு. மறுநாள் காலைல மூணு தடவ போச்சு, வயிறு பஞ்சு மாதிரி ஆயிட்டுன்னு அத்தைக்கு அவ்வளவு சந்தோசம். பக்கத்து வீட்டு மதினிக்கும் சொல்லி அவங்களும் ஆள் விட்டு ஒரு டப்பா வாங்கிட்டாங்க. ஒரு வாரத்துல அஞ்சு ஆறு தடவ போக ஆரம்பிச்சுது, ஒண்ணுக்கு செவந்த மஞ்சளா போகுதுன்னு பயந்தாங்க. போன் போட்டு கேட்டா "கழிவு எறங்குது, நிறுத்திராதீங்க, ஒன்றரை ஸ்பூனா குடுங்க"ன்னாரு. குடுத்தோம்.

18ஆவது நாள் ராத்திரி ரெண்டு மணி இருக்கும், கெண்டக்கால் ரெண்டும் கட்டையா இறுகிப் போய் அத்தை அலறுறாங்க, நெஞ்சு படபடன்னு அடிக்குது, எந்திரிச்சு நிக்க முடியல. தென்காசிக்கு தூக்கிட்டு ஓடுனோம். ரத்தத்துல பொட்டாசியம் 2.6, கொறஞ்சது 3.5 இருக்கணுமாம், ஈசிஜிலயும் மாத்தம் தெரியுதுன்னு ஐசியுல போட்டுட்டாங்க. டாக்டர் வேற என்ன மருந்து சாப்பிடுறாங்கன்னு கேட்டப்ப நாங்க பிரஷர் மாத்திரை மட்டும் தான்னு சொன்னோம். பொய் சொல்லணும்னு இல்ல, சூர்ணத்த மருந்துன்னே எங்களுக்குத் தோணல. விடியுற நேரத்துல ஒரு நர்ஸ் பொண்ணு "பாட்டிக்கு பேதிக்கு ஏதும் குடுத்தீங்களாக்கா"ன்னு கேட்ட பிறகு தான் டப்பாவ கொண்டு போய் காட்டுனோம். அத்தை போடுற பிரஷர் மாத்திரைல நீர் பிரியுற மருந்தும் சேந்திருக்கு, அது ஒருபக்கம் பொட்டாசியத்த எறக்கும், தெனம் பேதியாப் போனா இன்னொரு பக்கம் எறங்கும், ரெண்டும் சேந்தா இதயத் துடிப்பே தாறுமாறாப் போயிரும்னு டாக்டர் சொன்னாரு.

அத்தை கொஞ்சம் தேறுனதும் எங்க வீட்டுக்காரரும் நானும் தென்காசில நாங்க வழக்கமா வாங்குற நாட்டு மருந்துக் கடைக்கு டப்பாவ எடுத்துட்டுப் போனோம். அண்ணாச்சி ஒரு பேப்பர்ல கொட்டி, பக்கத்துல அவரு கடை அஷ்டசூர்ணத்தையும் கொட்டுனாரு. அவரோடது சாம்பல் கலந்த தவிட்டு நிறம், பேப்பர பிரிக்கும்போதே காயம் மூக்குல ஏறுது. எங்களோடது பச்சையும் மஞ்சளுமா காஞ்ச எலை பொடி மாதிரி. நாக்குல தொட்டுப் பாத்தா உப்பு இல்ல, ஒறப்பு இல்ல, கொழகொழன்னு லேசா கசக்குது. அண்ணாச்சி பாத்த ஒடனே "இது நிலாவாரைம்மா"ன்னாரு.

நிலாவாரை நம்ம சீமைல, தூத்துக்குடி பக்கம் எல்லாம் வெளையுறது தான், வெளிநாட்டுக்கு ஏத்துமதி ஆகுற சரக்குக்கு பேரே திருநெல்வேலி சென்னா. நல்ல மருந்து தான், மலச்சிக்கலுக்கு ஒரு நாள் ரெண்டு நாள் குடுக்குறது, அளவு பாத்து. மண்டலக் கணக்குல குடுக்குற சாமானே இல்ல, கொடல் அதுக்கே பழகிப் போய் அப்புறம் அது இல்லாம அசையாது. அஷ்டசூர்ணம்ங்கிறது வேற. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், இந்துப்பு, சீரகம், கருஞ்சீரகம், காயம்னு எட்டு சாமான், வாயு கலையுறதுக்கும் பசி எடுக்குறதுக்கும் உள்ளது, சோத்தோட மொத உருண்டைல நெய் விட்டு சாப்பிடுறது. அது பேதி மருந்தே கெடையாது. குடிச்ச மறுநாளே வயித்தக் கழுவி விட்டுச்சே, நாங்க கேக்குது கேக்குதுன்னு சந்தோசப்பட்டோமே, அங்கயே தெரிஞ்சிருக்கணும் இது அந்த சூர்ணம் இல்லன்னு. (அசல்லயும் இந்துப்பு இருக்கு, பிரஷர் உள்ளவங்க கேட்டுட்டு சாப்பிடுங்க.)

பிறகு தான் டப்பாவ கண்ணாடி போட்டு படிச்சேன். ஆயுர்வேத மருந்துன்னா தயாரிக்கிறவங்க லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், தயாரிச்ச தேதி, காலாவதி தேதி, என்னென்ன சேத்திருக்குன்னு எல்லாம் அச்சடிச்சிருக்கணும். இதுல பேட்ச் நம்பர் எடம் வெறுமன கெடக்கு, மருந்து லைசென்ஸே இல்ல, அதுக்கு பதிலா உணவுப் பொருளுக்கு குடுக்குற 14 எலக்க நம்பர் போட்டிருக்கு. அத ஆன்லைன்ல போட்டுப் பாத்தா ஏதோ சிப்ஸ் கம்பெனியோடது.

கடைக்கு திரும்பப் போனோம். அந்தாளு டப்பாவ கைல கூட வாங்கல, "நீங்க அளவு கூட குடுத்திருப்பீங்க"ன்னாரு. கூட்டச் சொன்னதே அவரு தான். கடை இருக்குறது கேரளா, கொல்லம் ஜில்லா, டப்பால உள்ள அட்ரஸ் தமிழ்நாடு, இங்க போனா அங்க போங்கன்னு சொல்லுவாங்க, அங்க போனா இங்க போங்கன்னு சொல்லுவாங்க, அந்த தைரியம் தான் அவங்களுக்கு. நாங்க ரெண்டு பக்கமும் எழுதிக் குடுத்துட்டோம், 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்லயும் பதிஞ்சாச்சு. நுகர்வோர் வழக்கு போடணும்னா 2019 சட்டப்படி நாம குடியிருக்குற எடத்துலயே போடலாம், கடை இருக்குற ஊருக்கு அலைய வேண்டாம். சாம்பிள் ரிசல்ட் இன்னும் வரல. ஒடைக்காத ஒரு டப்பாவும் ஸ்கேன் பண்ண ரசீதும் பத்திரமா வச்சிருக்கேன்.

மதினி டப்பாவ அன்னைக்கே நிறுத்த வச்சிட்டோம். அதே ரோட்டுல இது மாதிரி வாங்குனவங்க, வீட்டுல பெரியவங்க நீர் பிரியுற மாத்திரை போடுறவங்களா இருந்தா, இன்னைக்கு ராத்திரி குடுக்காதீங்க, நாளைக்கு காலைல பொட்டாசியம் ஒரு டெஸ்ட் எடுத்துருங்க. டப்பாவ தூக்கிப் போடாம வச்சிருங்க, எங்க புகாரோட சேக்கலாம்.