பின் ஸ்பிரிங் பேட்: ஏற்காட்டு எஸ்டேட் பாதைகளில் எது நின்றது, எது வெடித்தது

பிக்கப்பின் பின்பக்கத்தைத் தூக்கணும் என்றதும் பலரும் முதலில் விசாரிப்பது, எத்தனை இஞ்ச் பேட் கிடைக்கும் என்றுதான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. பேட் என்பது பின் அச்சுக் குழாயில் பற்றவைக்கும் இரும்புத் தாங்கி; அதில்தான் பட்டைக்கட்டு, அதாவது அடுக்கிய லீஃப் ஸ்பிரிங், யூ போல்ட்டால் இறுகி உட்காரும். உயரத்தைப் பட்டையிடம்தான் வாங்க வேண்டும். பேட்டுக்கு இருக்கிற வேலை இரண்டே இரண்டு: பட்டைக்கட்டு நகராமல் தாங்குவது, பினியன் கோணத்தை (புரப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் அச்சு மூக்கின் சாய்வை) பிடித்து வைப்பது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, நாகலூர், மஞ்சக்குட்டை பக்கத்துக் கல் பாதைகளில் காபி மூட்டையோடு பல மழைக்காலம் ஓடிய வண்டிகளின் அடியில் படுத்துப் பார்த்தால் இது திரும்பத் திரும்பத் தெரிகிறது.

முதலில் உங்கள் வண்டியில் பட்டை அச்சுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பாருங்கள். டி-மேக்ஸ் வி-கிராஸ், ஹைலக்ஸ் இரண்டிலும் மேலேதான். பழைய மஹிந்திரா ஜீப் அச்சு போட்ட வண்டிகளில் கீழே இருக்கும். கீழே இருப்பதை மேலே மாற்றினாலே போதுமான உயரம் வந்துவிடும். கணக்கு எளிது: ஹவுசிங் (அச்சு) குழாயின் விட்டம், பட்டைக்கட்டின் தடிமன், பழைய பேட் உயரம், புதிய பேட் உயரம், நான்கையும் கூட்டுங்கள். குழாய் 70 மி.மீ., கட்டு 40, இரண்டு பேட்டும் தலா 10 என்றால் 130 மி.மீ., அதாவது ஐந்து இஞ்சுக்கு மேல். இந்த மாதிரி வண்டிக்கு உயரமான பேட் வைப்பது தேவையே இல்லாத வேலை. கிடைப்பதிலேயே தாழ்வான பேட்டை எடுங்கள். மாற்றும்போது, பட்டைகளை நடுவில் கோக்கிற சென்டர் போல்ட்டைத் திருப்பிப் போட மறக்கக்கூடாது. அதன் தலை இப்போது கீழ்ப்பக்கம், பேட்டின் ஓட்டைக்குள் உட்கார வேண்டும்.

ஏற்கெனவே பட்டை மேலே இருக்கிற வண்டிக்கு அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைப்பது, ஷேக்கிளை (பட்டையின் முனையைச் சேசிஸோடு கோக்கும் ஆடும் இணைப்பை) நீட்டுவது, ஒரு பட்டை கூடுதலாகச் செருகுவது, வளைவு அதிகமுள்ள புதுக் கட்டு போடுவது, உயரமான பேட் பற்றவைப்பது என்று ஐந்து வழி உண்டு. கட்டை நழுவும், பேட் பற்றவைத்ததால் நழுவாது, ஆகவே உயரமான பேட் பாதுகாப்பு என்று ஒரு பேச்சு இருக்கிறது. நழுவாது என்பது உண்மை. ஆனால் முதல் கியரில் ஏற்றம் எடுக்கும்போது அச்சு பட்டையை முறுக்குகிற விசை, அச்சின் மையத்துக்கும் பட்டைக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்தது. அந்தத் தூரத்தைக் கட்டை கூட்டினாலும் பேட் கூட்டினாலும் முறுக்கு ஒன்றுதான். 50 மி.மீ.க்கு மேல் போன உயரப் பேட்டுகளில், குப்பனூர் வழி ஏற்றத்தில் கிளட்ச் விடும்போது 'டக்'கென்று ஒரு அடி கேட்கும். ஈரக் கல்லில் பின்சக்கரம் குதிக்கும். அதோடு ஷாஃப்ட் முனையில் இருக்கிற மூட்டான யூஜே கிராஸும் சீக்கிரம் போகும். 50 மி.மீ. வரைதான் நம்பலாம். அதற்கு மேல் உயரம் வேண்டுமென்றால் சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரிப் பட்டறைகளில் பட்டைக்கு வளைவு ஏற்றி வாங்குங்கள், அல்லது புதுக் கட்டு போடுங்கள். ஷேக்கிளில் 50 மி.மீ. நீட்டினால் வண்டி ஏறுவது சுமார் 25 மி.மீ.தான், பின்னால் ஷேக்கிள் இருக்கிற வண்டியில் அது பினியன் மூக்கையும் மேலே தூக்கிவிடும்.

பேட் வாங்கும்போது வெர்னியர் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள். குழாயின் வெளிவிட்டத்தைப் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு அளக்க வேண்டும். 76 மி.மீ. குழாய்க்கு வெட்டிய பேட்டை 70 மி.மீ. குழாயில் வைத்தால் உச்சியில் ஒரு கோடு மட்டும்தான் தொடும், இரண்டு பக்கமும் இடைவெளி திறந்து நிற்கும். அதை வெல்டிங் ராடால் நிரப்பிவிடலாம் என்பார்கள். ஆறு மாத மூட்டைப் பாரத்தில் வெடிப்பு அந்த நிரப்பலில்தான் தொடங்கும். இடைவெளி எங்கும் 1 மி.மீ.ஐத் தாண்டக்கூடாது. அகலம் பட்டையின் அகலத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். சென்டர் போல்ட் தலைக்கும் ஓட்டைக்கும் நடுவே ஒரு மி.மீ. தளர்வுக்கு மேல் இருந்தால் காலப்போக்கில் ஓட்டை முட்டை வடிவமாகிவிடும். நீளம் 150 மி.மீ. நல்லது. 125-ஐவிடச் சவாரி கொஞ்சம் இறுகும், ஆனால் முறுக்கு குறையும். மலைப் பாதைக்கு அதுதான் லாபம்.

தகடு 8 மி.மீ., ஐ.எஸ். 2062 தர மைல்டு ஸ்டீல். பழைய பட்டைத் துண்டை வெட்டிப் பேட் செய்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பட்டை இரும்பில் கார்பன் அதிகம். சாதாரணமாகப் பற்றவைத்தால் தையலுக்குப் பக்கத்திலேயே கண்ணாடி போல் இறுகிப் பிளந்துவிடும்.

பலரும் பார்க்காத ஒரு இடம், பேட்டின் முன், பின் ஓரங்கள். கட்டர் வெட்டிய கூர் அப்படியே இருந்தால், பாரத்தில் வளையும் கடைசிக் குட்டைப் பட்டையை அந்த ஓரம் ஒரே கோட்டில் கடித்துக்கொண்டே இருக்கும். கிரைண்டரால் 3 மி.மீ. உருட்டிவிட்டால் போதும். பட்டை உடைந்து வந்தால் உடைந்த இடமே காரணத்தைச் சொல்லும். பேட் ஓரத்துக்கு நேராக உடைந்திருந்தால் கூர் ஓரம். சென்டர் ஓட்டை வழியாக உடைந்திருந்தால் யூ போல்ட் தளர்ந்து ஓடியிருக்கிறது.

இனி கோணம். இரண்டு முனையிலும் ஒவ்வொரு கிராஸ் உள்ள சாதாரண புரப்பெல்லர் ஷாஃப்ட் என்றால், பினியன் ஃபிளாஞ்சும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் அச்சுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) ஃபிளாஞ்சும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். ஏற்றத்தில் இழுக்கும்போது பினியன் மூக்கு மேலே எழும் என்பதால் 1 முதல் 2 டிகிரி கீழே வைத்துப் பிடிக்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரட்டைக் கிராஸ் இருந்தால் மட்டும் பினியன் அதை நோக்கிப் பார்க்கலாம், அங்கும் 1, 2 டிகிரி தாழ்வாக. 100 மி.மீ. உயர்த்தினால் 1200 மி.மீ. நீள ஷாஃப்டின் சாய்வு 4.8 டிகிரி கூடும், 750 மி.மீ. ஷாஃப்டில் அதே உயரம் 7.6 டிகிரி. டி-மேக்ஸ் வீல்பேஸ் 3095 மி.மீ., ஹைலக்ஸ் 3085. நீள வண்டிகள் தப்பிக்கும், குட்டை ஜீப் தப்பிக்காது. நடுவில் சென்டர் பேரிங் இருந்தால் அதையும் ஸ்பேசர் வைத்து இறக்க வேண்டும். மூக்கை அளவுக்கு மீறித் தூக்கிய வண்டிகளில் இன்னொரு கேடு: கிரவுன் (டிஃபரென்ஷியல்) எண்ணெய் பின்னால் ஒதுங்கிவிடும். வண்டியே மூக்கைத் தூக்கிக்கொண்டு மலை ஏறும்போது முன் பினியன் பேரிங் காய்ந்து, கொஞ்ச நாளில் ஊளையிட ஆரம்பிக்கும்.

இந்த அளவு அத்தனையும் வண்டி நான்கு சக்கரத்தில் சமதளத்தில் நிற்கும்போது எடுக்க வேண்டும், ஜாக்கியில் தொங்கும்போது அல்ல. காலியாக ஒருமுறை, பத்து 50 கிலோ மூட்டை ஏற்றி ஒருமுறை அளந்து நடுவில் நிறுத்துங்கள். இடது, வலது பேட்டுக்கு நடுவிலான தூரத்தைச் சேசிஸ் ஹேங்கரில் அளங்கள். பழைய பேட்டை நம்பாதீர்கள். முன் ஹேங்கர் போல்ட்டிலிருந்து அச்சு வரை இரண்டு பக்கமும் 3 மி.மீ.க்குள் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் வண்டி நண்டு மாதிரி சாய்ந்து ஓடும். எல்லாம் சரியான பிறகு நான்கு இடத்தில் டாக் (சிறு புள்ளி வெல்டிங்) மட்டும் வையுங்கள். பிறகு ஒரு டிகிரி, இரண்டு டிகிரி திருத்தம் தேவைப்பட்டால் பேட்டுக்கும் பட்டைக்கும் நடுவே எஃகு ஆப்பு போதும். தடித்த பக்கம் பின்னால் இருந்தால் மூக்கு ஏறும். அலுமினிய ஆப்பு நசுங்கி வெடிக்கும், அதைத் தொடவே வேண்டாம்.

முழு வெல்டிங்குக்கு அச்சை இறக்கி, ஆக்சில் ஷாஃப்ட், சீல் எல்லாம் கழற்றிவிடுங்கள். "அண்ணா, ஒரே மூச்சுல ஓட்டிடட்டுங்களா?" என்று வெல்டர் கேட்பார். கூடவே கூடாது. 25, 30 மி.மீ. ஓட்டி, மறுபக்கப் பேட்டுக்குப் போய், ஆறவிட்டு மறுபடி வர வேண்டும். மேல்பக்கத்தை ஒரேயடியாகச் சூடாக்கினால் குழாய் ஆறும்போது சுருங்கி முனைகள் மேலே வளையும்; சக்கரத்தின் உச்சி உள்ளே சாயும், சீல் ஒழுகும், டயர் உள்பக்கம் தேயும். வெல்டிங் மெஷினின் எர்த் கிளிப்பைப் பேட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். 7018 ராட் 3.15 மி.மீ. நல்லது, ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும். ஏற்காட்டுப் பனியில் திறந்து கிடந்த பாக்கெட்டால் ஓட்டிய தையலில் ஊசித் துளைகள் வரும். இந்த வேலையைக் கீழே சேலத்தில், ஓவனில் காய்ச்சிய ராடால் முடிப்பதே புத்திசாலித்தனம். பழைய பேட்டை கேஸ் கட்டரால் அறுக்காமல் கிரைண்டரால் எடுங்கள். குழாயில் கீறல் விழக்கூடாது.

யூ போல்ட் எப்போதும் புதிது. ஒருமுறை இறுக்கி நீண்டதை மறுபடி போட்டால் பிடிக்காது. குறுக்குக் குறுக்காக இறுக்கி, 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை, 500 கி.மீ.யில் ஒருமுறை டார்க் (இறுக்கம்) பாருங்கள். கல் பாதை அதிகமென்றால் நட்டு மேலே வருகிற மாதிரித் திருப்பிப் போடுங்கள். கீழே தொங்கும் திரெட் பாறையில் நசுங்கினால் பிறகு ஸ்பேனர் ஏறாது.

மழைக்காலம் தாண்டினால் பேட்டின் எதிரி துரு. பேட்டுக்கும் குழாய்க்கும் நடுவில் இருக்கும் பொந்தில் செம்மண் புகுந்து, வெயில் வந்தாலும் காயாமல் கிடக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே தகடு செதிலாக உதிரும். பற்றவைக்கும் முன்பே 8 மி.மீ. வடிகால் ஓட்டை போட்டு, பிறகு ஜிங்க் பிரைமர் உள்ளே போகிற மாதிரி அடித்த பேட்டுகள்தான் நின்றிருக்கின்றன. வருடம் ஒருமுறை தையல் ஓரத்தைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, வெடிப்பைக் காட்டும் டை பெனிட்ரன்ட் ஸ்ப்ரே அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பூச்சில் சிவப்புக் கோடு எழுந்தால் மேலே ராட் ஓட்டி மூடாதீர்கள். தோண்டி எடுத்துத்தான் பற்றவைக்க வேண்டும்.

சட்டமும் ஒரு பக்கம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தயாரிப்பாளரின் அளவிலிருந்து மாறும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. பொதுச் சாலையில் ஓடும் வண்டி என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டுக்காரரிடமும் முதலில் கேட்டுவிடுங்கள்.

பேட் போட்ட அன்றே பிரேக்கையும் பாருங்கள். அச்சு முழுதாகத் தொங்கும்போது பின் ஹோஸ் இழுபடுகிறதா, ஹேண்ட்பிரேக் கேபிள் இறுகுகிறதா, ஷாக் நீளம் போதுமா என்று பார்க்க வேண்டும். எல்.எஸ்.பி.வி. (பாரத்துக்கேற்பப் பின் பிரேக் அழுத்தத்தை மாற்றும் வால்வு) இருக்கிற பிக்கப்பில் அச்சுக்கும் வால்வுக்கும் நடுவே ஒரு கம்பி போகும். வண்டியைத் தூக்கியதும் அந்தக் கம்பி, பின்னால் பாரமே இல்லை என்று வால்வுக்குச் சொல்லிவிடும். வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் குறைக்கும். முழுப் பாரத்தோடு ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது மொத்தச் சுமையும் முன் பிரேக்கில் விழுந்து, அது காய்ந்து கருகும். எத்தனை மி.மீ. தூக்கினீர்களோ அத்தனை மி.மீ. அந்தக் கம்பியின் பிராக்கெட்டை ஈடுசெய்த பிறகுதான் வண்டி மலை இறங்க வேண்டும்.