‘பெங்களூர் டாக்டர் வண்டி’ என்று இன்னோவா விற்க வந்தால் கொஞ்சம் நில்லுங்கள்

பழைய இன்னோவா வாங்கப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். ஓட்டிப் பார்த்து அந்த வண்டி எவ்வளவு ஓடியிருக்கிறது என்று சொல்லவே முடியாது. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய இன்னோவாவும் நாலரை லட்சம் ஓடிய இன்னோவாவும் டெஸ்ட் டிரைவில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் போகும். டொயோட்டாவுக்கு இவ்வளவு மரியாதை வந்ததே அதனால்தான். செகண்ட்ஸ் கார் வியாபாரத்தில் சில பேர் வயிறு வளர்ப்பதும் அதனால்தான். கிருஷ்ணகிரியில் ஹைவே ஓரமாக இருக்கும் ஒரு கடையில் 8 லட்சத்து 60 ஆயிரம் கொடுத்து நான் வாங்கிய 2013 மாடல் வண்டியின் கதை இது.

நம்ம ஊர்க்காரர்களுக்கு டொயோட்டா மேல் உள்ள நம்பிக்கை விளம்பரம் பார்த்து வந்ததில்லை. 1997-ல் கிர்லோஸ்கரோடு கூட்டு சேர்ந்து பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் கம்பெனி ஆரம்பித்தார்கள். 2000 ஜனவரியில் குவாலிஸ் வந்தது. இந்தோனேசியாவில் கிஜாங் என்ற பெயரில் ஓடிக்கொண்டிருந்த வண்டியைத்தான் இங்கே கொண்டுவந்தார்கள். அழகு என்று சொல்ல அதில் ஒன்றும் கிடையாது. ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரி டிராவல்ஸ்காரர்கள் அதைத் திருப்பதிக்கும் சபரிமலைக்கும் மாற்றி மாற்றி அடித்தார்கள், வண்டி அசரவில்லை. நன்றாக விற்றுக்கொண்டிருந்த குவாலிஸை நிறுத்திவிட்டு 2005-ல் இன்னோவாவை இறக்கினார்கள். நல்லா ஓடுற வண்டியை எதுக்கு நிறுத்தினானுங்க என்று அன்று புலம்பிய டிரைவர்களே ரெண்டு வருஷத்தில் இன்னோவாவுக்கு மாறிவிட்டார்கள்.

இந்தக் கம்பெனியின் பூர்வீகம் தறி. சகிச்சி டொயோடா கண்டுபிடித்த தானியங்கித் தறியின் பெருமையே, ஒரு நூல் அறுந்தால் அது தானாக நின்றுவிடும் என்பதுதான். 1929-ல் அந்தத் தறியின் உரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனிக்குக் கொடுத்தார்கள். சகிச்சியின் மகன் கீச்சிரோ கார் பக்கம் போனார், 1937-ல் டொயோட்டா மோட்டார் கம்பெனி தனியாக உருவானது. குறை தெரிந்தால் வேலையை அங்கேயே நிறுத்து, மூடி மறைக்காதே என்ற அந்தத் தறி விதிதான் இன்றைக்கும் அவர்கள் தொழிற்சாலைகளில் நடக்கிறது. தொழிலாளி கயிற்றை இழுத்தால் லைன் நிற்கும். வண்டி தொழிற்சாலை கேட்டைத் தாண்டி நாலு கை மாறிய பிறகு அந்த விதி யாரையும் கட்டுப்படுத்துவதில்லை என்பதை நான் காசு கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

பழைய டீசல் இன்னோவாவுக்கு இப்போது ஏன் இவ்வளவு கிராக்கி என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2016-ல் வந்த கிரிஸ்டா புதிதாக எடுத்தால் இருபது லட்சத்தைத் தாண்டிவிடும். 2022 கடைசியில் அறிமுகமான ஹைகிராஸில் டீசலே கிடையாது. எட்டுப் பேர் உள்ள குடும்பம், பத்து லட்சத்துக்குள் பட்ஜெட் என்றால் 2.5 டீசல் பழைய இன்னோவாவை விட்டால் வேறு வழி இல்லை. இந்த மாதிரி வண்டிகள் எங்கிருந்து வருகின்றன? டெல்லியில் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்று இருந்ததால் அங்கிருந்து கொஞ்சம் வந்தது. மீதி பெங்களூரிலிருந்து. தேவனஹள்ளி ஏர்போர்ட்டுக்கு ராத்திரி பகலாக ஓடிய டி போர்டு வண்டிகள் (வாடகை டாக்ஸிகள்), ஓன் போர்டாக, அதாவது சொந்த உபயோக வண்டியாக மாற்றப்பட்டு, பாலிஷ் போட்டு, ஓசூர் தாண்டி நம்ம பக்கம் வந்து நிற்கின்றன. டி போர்டை ஓன் போர்டாக மாற்றுவது சட்டப்படி சரிதான். அதை மறைத்து விற்பதுதான் திருட்டு.

மாம்பழ சீசன் சமயத்தில் கடைக்குப் போனோம். நான், மச்சான், கூடவே பாலக்கோட்டிலிருந்து எங்கள் மெக்கானிக் அண்ணன். மீட்டரில் 1,12,400. “ஜெயநகர் டாக்டர் வண்டி சார். சிங்கிள் ஓனர். வீட்டுக்கும் கிளினிக்குக்கும் மட்டும்தான் ஓடுச்சு” என்றார் கடைக்காரர். மெக்கானிக் அண்ணன் ஆயில் மூடியைத் திறந்து பார்த்தார், புகை பார்த்தார், பர்கூர் வரைக்கும் ஓட்டிப் பார்த்தார். இன்ஜின் சத்தம் சுத்தம். பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்ததால், அது ஏன் என்று அவர் கேட்டார். “டீடெய்லிங் பண்ணாம எதையும் வெளிய விட மாட்டோம்ணே” என்று உடனே பதில் வந்தது. சர்வீஸ் புக்கை எடுத்து நீட்டினார்கள். பத்தாயிரத்துக்கு ஒரு சீல், வரிசையாக. அரசு தளத்தில் நம்பரைப் போட்டால் சிங்கிள் ஓனர், ஃபைனான்ஸ் இல்லை, மோட்டார் கார். எல்லாம் சரி.

பணம் கைமாறியதும் என்ஓசி வரலை என்ற பாட்டு ஆரம்பித்தது. கர்நாடக வண்டியை இங்கே மாற்ற அந்த ஊர் ஆர்டிஓ-விடம் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். அப்புறம் இங்கே நம்ம பேருக்கு மாற்றி வரி கட்ட வேண்டும். “அடுத்த வாரம் சார்”, “ஓனர் வெளிநாடு போயிருக்கார் சார்”, “சர்வர் டவுன் சார்” என்று இழுத்து இழுத்து, ஆர்சி என் பேருக்கு வரும்போது பொங்கல் நெருங்கிவிட்டது. சோம்பேறித்தனத்தால் இழுக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். காரணம் அப்புறம்தான் புரிந்தது. ஆர்சி நம்ம பேரில் இல்லாதவரை, கம்பெனி சர்வீஸ் சென்டரில் போய்ப் பழைய கணக்கைக் கேட்டால், ஓனரைக் கூட்டிட்டு வாங்க என்று அனுப்பிவிடுவார்கள். இழுத்த ஒவ்வொரு மாதமும் கடைக்காரருக்கு லாபம்.

குட்டு வெளிப்பட்டது டைமிங் பெல்ட்டில். இந்த 2.5 இன்ஜினுக்கு உள்ளே ஓடுவது ரப்பர் பெல்ட். (கிரிஸ்டாவில் செயின், அது வேறு கதை.) ஒன்றரை லட்சம் ஓடுவதற்குள் கண்டிப்பாக மாற்ற வேண்டிய பொருள் இது. “மீட்டர் லட்சம் தாண்டிடுச்சு, முன்கூட்டியே மாத்திடலாம்” என்றார் மெக்கானிக் அண்ணன். ஃபேனைக் கழற்றி, பெல்ட் கவரை எடுத்தவர், அதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் பழைய பனியன் துணியால் உட்புறத்தைத் துடைத்து என் பக்கம் நீட்டினார். எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் சின்ன வெள்ளை ஸ்டிக்கர். பால்பாயின்ட் பேனாவில், இடதுபக்கம் சாய்ந்த கையெழுத்தில்: டி பெல்ட் மாற்றியது, 3/2018, 2,98,600 கி.மீ.

2018-லேயே மூன்று லட்சம். நான் வாங்கும்போது மீட்டரில் 1,12,400. பெல்ட்டை வெளியே எடுத்து வளைத்துப் பார்த்தால் பல்லின் அடியில் வெடிப்பு வெடிப்பாகத் தெரிந்தது. “தம்பி, இது தொப்பூர் இறக்கத்துல அறுந்திருந்தா என்ன ஆகும் தெரியுமா?” என்று கேட்டுவிட்டு அவரே சொன்னார். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், இன்ஜின் அதோடு சரி. அது பணம் சம்பந்தப்பட்டது, போகட்டும். இன்ஜின் நின்றால் பவர் ஸ்டியரிங் இறுகும். பிரேக்குக்கு வாக்குவம் கொடுக்கும் பம்ப் இன்ஜினோடு ஓடுவதால் அதுவும் நின்றுவிடும். ரெண்டு மூன்று மிதியில் பிரேக் கல்லாகிவிடும். இரட்டைப் பாலம் பக்கம் முன்னாலும் பின்னாலும் லாரி வந்துகொண்டிருக்கும்போது எட்டுப் பேரோடு இது நடந்தால்? மீட்டரைத் திருப்புவது வெறும் விலை மோசடி என்று யாராவது சொன்னால் இந்த இடத்தை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

அதற்கப்புறம் தேடினால் எல்லாமே கிடைத்தது. ஆக்சிலரேட்டர் பெடலுக்கு மேலே, டேஷ்போர்டுக்கு அடியில், வெட்டி இன்சுலேஷன் டேப் சுற்றி மடித்து வைத்த ஒயர்கள். டி போர்டு வண்டிக்குக் கட்டாயமான ஸ்பீடு கவர்னரின் மிச்சம் அது. டிரைவர் சீட் பெல்ட்டில் தயாரிப்பு தேதி உள்ள துணி லேபிள் இருக்கும். மற்ற சீட்களில் 2013, டிரைவர் பெல்ட்டில் மட்டும் 2017. டாக்டருக்கு பெல்ட் தேய்கிற அளவுக்கு என்ன ஓட்டம்? ஆர்சி வந்ததும் சர்வீஸ் சென்டரில் கேட்டேன். அவர்கள் கம்ப்யூட்டரில் கடைசிப் பதிவு 2017 ஏப்ரல், 2,41,000 சொச்சம். அதற்கப்புறம் வண்டி வெளி ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டது. என்னிடம் இருந்த சர்வீஸ் புக்கில் அதே ஏப்ரலுக்கு 48,000 என்று சீல் குத்தியிருந்தார்கள். இப்போது அந்தப் புக்கை வெளிச்சத்தில் பார்த்தால், 2013 சீலுக்கும் 2022 சீலுக்கும் ஒரே ஊதா மை, ஒரே அழுத்தம். ஒரே சாயங்காலம் உட்கார்ந்து குத்தியிருக்கிறார்கள்.

மீட்டரைத் திருப்புவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கிலோமீட்டர் கணக்கு மீட்டருக்குள் இருக்கும் ஒரு சின்ன மெமரி சிப்பில் எழுதப்பட்டிருக்கிறது. லேப்டாப்பும் ஒரு கருவியும் இருந்தால் டீ குடித்து முடிப்பதற்குள் மாற்றிவிடுவார்கள்.

கடைக்குப் போய் ஸ்டிக்கர் போட்டோவைக் காட்டினேன். “நாங்களும் ஏமாந்துட்டோம் சார்” என்றார். சர்வீஸ் புக் எங்கிருந்து வந்தது என்று கேட்டதும் பேச்சு மாறியது. “நாங்க வெறும் புரோக்கர்தானே சார், வியாபாரம் ஓனருக்கும் உங்களுக்கும்.” ரசீதைப் பாருங்கள் என்றார். அதில் ‘வண்டி உள்ளது உள்ளபடி’ என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். கிலோமீட்டர் எழுத வேண்டிய இடத்தில் ‘மீட்டர்படி’ என்று மட்டும் இருந்தது. கிளம்பும்போது ஐம்பதாயிரம் தருகிறோம், இனி புகார் இல்லை என்று எழுதிக்கொடுங்கள் என்றார்கள். இன்ஜெக்டர், லோயர் ஆர்ம் புஷ், பெல்ட் என்று எனக்குச் செலவானதே ஒரு லட்சத்துக்கு மேல். விலையில் விட்டது தனி.

புரோக்கர் என்று சொல்லித் தப்பிப்பது பற்றி ஒரு விஷயம். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி விற்கும் கடைகள் ஆர்டிஓ-விடம் அங்கீகாரச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. படிவம் 29பி என்று கேளுங்கள். ஓனர் வண்டியைக் கடையில் ஒப்படைத்ததும் 29சி வழியாக ஆர்டிஓ-வுக்குத் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு அந்த வண்டிக்குப் பொறுப்பு கடைதான். நான் வாங்கிய கடையில் ரெண்டும் கிடையாது. ஓனரிடம் பேர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் வெற்றாகவே கையெழுத்து வாங்கி டிராயரில் போட்டு வைத்திருந்தார்கள். நம்ம பக்கம் பல கடைகளில் இன்றும் இதுதான் வழக்கம். சான்றிதழைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கர்நாடக வண்டி என்றால் இன்னொன்று கேளுங்கள், பி-எக்ஸ்ட்ராக்ட். அந்த ஊர் ஆர்டிஓ பதிவேட்டின் நகல் அது. டி போர்டிலிருந்து மாறியிருந்தால் அதில் தெரிந்துவிடும். நம்ம செல்போனில் பார்க்கிற ஆர்சி விவரத்தில் தெரியாது. பழைய இன்ஷூரன்ஸ் பாலிசிகளையும், கடைசி வருஷத்தை மட்டும் இல்லாமல், முதலிலிருந்து கேளுங்கள். வாடகைக்குப் பயணிகளை ஏற்றும் வாகனம் என்று ஒரு வருஷத்தில் இருந்தாலும் டாக்டர் கதை முடிந்தது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே, ஓனரைக் கூடவே வைத்துக்கொண்டோ அவர் சம்மதத்தோடோ, கம்பெனி சர்வீஸ் சென்டரில் கணக்கை எடுங்கள். ஓனரைக் காட்ட மாட்டேன் என்கிற கடையில் வண்டி எடுக்காதீர்கள். ரசீதில் கிலோமீட்டரை எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, கடை சீல் வாங்குங்கள். இந்த ஒன்றுக்கு அவர்கள் நெளிகிற நெளிவிலேயே விஷயம் விளங்கிவிடும்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு வக்கீல் இல்லாமலும் போகலாம். ஏமாந்தது தெரிந்து ரெண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். 2019 சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை, ஐந்திலிருந்து பத்து லட்சத்துக்கு 200 ரூபாய்தான். என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 1915-க்குப் போன் போட்டால் வழி சொல்வார்கள்.

வண்டி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பெல்ட் மாற்றி, இன்ஜெக்டர் சரிபார்த்த பிறகு லிட்டருக்குப் பதினொன்று கொடுக்கிறது, பின்சீட்டு ஏசி கூடக் குறையவில்லை. உண்மையைச் சொல்லி ஐந்தரை லட்சத்துக்கு விற்றிருந்தால் அந்தக் கடைக்காரரை நாலு பேரிடம் பாராட்டிப் பேசியிருப்பேன்.

ஸ்டிக்கர் ஒட்டிய பெல்ட் கவர், சர்வீஸ் புக், சர்வீஸ் சென்டர் கொடுத்த பிரின்ட் எல்லாம் ஆணையத்தில் தாக்கல் ஆகியிருக்கிறது. வழக்கு நடப்பதால்தான் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. உத்தரவு வந்ததும் பெயரோடு எழுதுகிறேன்.