வலிகாமத்துச் செம்மண்ணும் கூனவாராச் செம்மண்ணும்: வைனுக்கு எது கைகொடுக்கும்?

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் உரும்பிராய், கோப்பாய்ப் பக்கம் முந்திரிகைப் பந்தல் போட்டிருப்பவர்களிடம் நிலத்தைப் பற்றிக் கேட்டால், "மேலே செம்மண், கீழே கல்" என்று நாலு சொல்லில் முடித்துவிடுவார்கள். தென் அவுஸ்திரேலியாவின் கூனவாராவில் திராட்சை வளர்ப்பவர்கள் தங்கள் நிலத்தைப் பற்றிச் சொல்வதும் இதே நாலு சொல்தான். ஆனால் அவர்கள் அந்த நாலு சொல்லை வைத்து உலகச் சந்தையில் போத்தல் விற்கிறார்கள். கூனவாரா என்ற பெயர் எந்த வேலியோடு முடிகிறது என்பதற்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடியும் இருக்கிறார்கள். வைன் நிலங்களை ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாகப் பிரான்ஸில் தொடங்குவார்கள். நமக்குக் கூனவாராதான் வசதி, ஏனென்றால் காகிதத்தில் பார்த்தால் அது வலிகாமத்தின் இரட்டைப் பிள்ளை.

செம்மண்ணுக்கு எதிரே செம்மண்

கூனவாராவின் செம்மண் பட்டி ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளமும் ஒன்றிரண்டு கிலோமீற்றர் அகலமும் கொண்டது. 1890இல் ஜோன் ரிடொக் அங்கே பழத்தோட்டக் குடியேற்றம் ஒன்றை அமைத்தபோது திராட்சை ஊன்றப்பட்டது. இன்று அந்த மண்ணின் பெயரைச் சொன்னாலே கபர்னே சோவிஞ்ஞோன் என்ற சிவப்பு வைன் திராட்சை நினைவுக்கு வரும். மண்ணுக்குச் சிவப்பைத் தருவது இரும்பு ஒட்சைட்டு. அடியில் கிடப்பது பழங்கடல் விட்டுச்சென்ற சுண்ணக்கல். மேல்மண் பல இடங்களில் அரை மீற்றர்கூட இருக்காது. அதற்குக் கீழே கெட்டியான சுண்ண ஓடு ஒன்று மறிக்கும். அதை இயந்திரத்தால் கீறிப் பிளந்தால்தான் வேர் இறங்கும்.

வலிகாமத்திலும் நிறம் அதே இரும்பினால்தான். அடியில் இருப்பது மயோசீன் காலச் சுண்ணக்கல். அந்தக் காலம் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, ஏறக்குறைய 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. கிணறு வெட்டும்போது வெடி வைத்து உடைக்கிறோமே, அந்தக் கல். காங்கேசன்துறையில் சீமெந்து ஆனதும் அதுதான். மழை பெய்து ஓய்ந்தால் இரண்டு நிலத்திலும் தண்ணீர் தேங்கி நிற்காது. திராட்சை வேருக்கு இது பெரிய உதவி, ஈரத்தில் ஊறிக் கிடப்பது அதற்கு ஆகாது.

மண்ணுக்கு மட்டும் புள்ளி போட்டால் ஆட்டம் சமநிலை. வித்தியாசம் மண்ணுக்கு மேலே தொடங்குகிறது. கூனவாரா தெற்கே 37ஆம் பாகையில் இருக்கிறது. குளிர்காலத்தில் கொடி இலையை உதிர்த்துவிட்டு உறங்கும். மழையில் பெரும்பங்கும் அப்போதே பெய்துவிடுவதால் பழம் முற்றுகிற கோடை காய்ந்து கிடக்கும். மெல்லிய மேல்மண் வற்றத் தொடங்கியதும் கொடிக்குக் கொஞ்சம் தாகம் எடுக்கும். புதுத் தளிர் விடுவதை நிறுத்திக்கொண்டு சேர்த்த சர்க்கரையைக் காய்க்கு அனுப்பும். தென் கடலிலிருந்து வரும் காற்று இரவைக் குளிர்விப்பதால் பழத்தின் புளிப்பும் தங்கும்.

வலிகாமத்தில் கொடிக்கு உறக்கமே கிடையாது. நாம்தான் கிளையை வெட்டிக் கவ்வாத்துப் பண்ணி, இலையை உருவி, "இப்போது பூ" என்று அதற்குக் கட்டளை இடுகிறோம். ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்ரோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடும். மற்ற மாதங்களில் இறைப்புத்தான். சர்க்கரைக்குக் குறைவில்லை, வெயில் பார்த்துக்கொள்ளும். ஆனால் வெப்பமான இரவில் பழம் மூச்சு விட்டுத் தனக்குப் புளிப்பைத் தரும் மாலிக் அமிலத்தைத் தானே எரித்துத் தீர்க்கும். புளிப்பு இறங்கிய சாற்றில் பிறக்கும் வைன் நாக்கில் சப்பென்று கிடக்கும். கூனவாரா வெல்வது இந்த இடத்தில், பாராட்டு மட்டும் செம்மண்ணுக்குப் போகிறது.

எல்லாச் சுண்ணக்கல்லும் ஒரு கல்லா?

போத்தல் விளம்பரங்களில் "சுண்ணக்கல் நிலம்" என்று ஒற்றை வரியில் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அந்த வரியில் நம்பிக்கை இல்லை. பிரான்ஸின் ஷாம்பெய்ன் பகுதியின் அடியில் இருப்பது கையில் எடுத்தால் வெள்ளையாக ஒட்டும் சீமைச் சுண்ணாம்பு. டைனோசர்கள் வாழ்ந்த காலத்துக் கடலில் மிதந்த நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து ஆனது. நுண்ணிய துளைகள் நிறைந்த அந்தக் கல் ஒரு கன மீற்றருக்கு 300 முதல் 400 லீற்றர் வரை நீரைப் பிடித்து வைத்திருக்கும். கோடையில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே விடும். பிரான்ஸின் இன்னொரு வைன் பகுதியான பர்கண்டியில் கெட்டியான ஜுராசிக் சுண்ணக்கல்லும் களி கலந்த சுண்ண மண்ணும் மாறி மாறி வருகின்றன. அங்கே நீரைப் பிடிப்பது களி. கல்லின் வேலை மிச்ச நீரை வெடிப்பு வழியே இறக்கிவிடுவது.

நம்முடைய கல் மூன்றாவது வகை. நீர் அதைக் கரைத்துக் குகையும் பொந்துமாக ஆக்கியிருக்கிறது. மழை நீர் அதன் வழியே விழுந்தோடி, கடல் நீருக்கு மேல் ஒரு நன்னீர்ப் படையாக மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீரும் இருப்பது இதனால்தான். ஷாம்பெய்ன் கல் வேருக்கு நீரை எடுத்து வைக்கும், யாழ்ப்பாணத்துக் கல் கிணற்றுக்கு அனுப்பிவிடும்.

சுண்ணக்கல்லின் இன்னொரு முகத்தை இலையில் பார்க்கலாம். இளம் இலை மஞ்சளாகும், நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாக நிற்கும். மண்ணில் இரும்பு நிறைய இருக்கும், சிவப்பே அதற்குச் சாட்சி. ஆனால் சுண்ணம் மிகுந்த காரத்தன்மையில் வேரால் அதை எடுக்க முடியாது. இந்த மஞ்சள் ஒரு காலத்தில் பிரான்ஸையே ஆட்டியது. 1860களில் பிலொக்செரா என்னும் வேர்ப்பூச்சி அங்குள்ள திராட்சையை அழிக்கத் தொடங்க, பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டினார்கள். சுண்ண நிலங்களில் அந்த வேர்களில் ஒட்டிய கொடிகள் மஞ்சளாகிச் சோர்ந்தன. 1887இல் பியேர் வியாலா என்ற அறிஞரை அமெரிக்காவுக்கு அனுப்பிச் சுண்ணத்தைத் தாங்கும் வேரைத் தேடவைத்தார்கள். டெக்சாசின் சுண்ணக்கல் மேடுகளில் வளரும் பெர்லாண்டியேரி இனம் கைகொடுத்தது. அதிலிருந்து உருவான 41பி என்ற வேர்க்கொடிதான் ஷாம்பெய்ன் சுண்ணாம்பில் நெடுங்காலமாக ஊன்றப்பட்டு வருகிறது. சுண்ணக்கல்லின் பெருமை பேசுகிறவர்கள் அது விளைவித்த இந்தத் தலைவலியையும் சேர்த்துப் பேசினால் நல்லது.

சிலேட்டு, சரளை, களி

ஜேர்மனியின் மோசல் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 40 கோடி ஆண்டுப் பழமையான சிலேட்டுக் கல். சரிவு சில இடங்களில் 65 பாகை வரை செங்குத்து. கறுத்த கல் பகல் வெயிலைப் பிடித்து வைத்துக் கொடிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. குளிர்நாட்டில் றீஸ்லிங் திராட்சை முற்றுவதற்கு அந்தச் சூடு வேண்டும். அதே கல்லை இங்கே பரப்பினால் கொடி வெந்துபோகும்.

பிரான்ஸின் போர்தோவில் ஆற்றின் இடப்பக்கம் சரளை, கபர்னே சோவிஞ்ஞோனுக்கு; வலப்பக்கத்துப் பொமரோலில் களி, மெர்லோ திராட்சைக்கு. ஒன்று நீரை ஓட விடும், மற்றது இறுகப் பிடிக்கும், இரண்டிலும் பெரிய வைன்கள் பிறக்கின்றன. ஆகவே எந்தக் கல் உயர்ந்தது என்ற கேள்வியில் சாரமில்லை. அங்கே சரளை, மணல், களி என்ற மூன்று நிலங்களில் மூன்று திராட்சை இனங்களை ஐந்து ஆண்டு கவனித்து 2004இல் வெளியிட்ட ஆய்வில் காலநிலையின் தாக்கமே முன்னால் நின்றது. மண்ணும் காலநிலையும் பழத்தில் செய்த மாற்றத்தில் பெரும்பகுதி, கொடிக்கு நீர் கிடைத்த அளவின் வழியாகவே நடந்திருந்தது.

கல்லின் சுவை வைனில் தெரிகிறது என்ற கதையை நான் ஏற்பதில்லை. பிரான்ஸின் வைன் ஊரான சப்லியின் மண்ணில் சிறு சிப்பிகளின் தொல்படிவங்கள் இருப்பதால் அவ்வூர் வைனில் சிப்பி மணக்கிறதாம். சப்லியின் தலைசிறந்த நிலங்கள் தென்மேற்கு வெயிலைப் பார்த்த ஒரே சரிவில் இருக்கின்றன; நான் அந்த வெயிலுக்குத்தான் புள்ளி போடுவேன். கல்லுக்குச் சுவையும் மணமும் இல்லை, வேர் எடுப்பது நீரில் கரைந்த, மின்னேற்றமுள்ள நுண்துகள்களான அயன்களை மட்டுமே என்று புவியியலாளர் அலெக்ஸ் மோல்ட்மன் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். நம் வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளையாகத் தடித்திருக்கும் படிவைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பாருங்கள். சாக்கட்டியை நக்கியது போல இருக்கும், அவ்வளவுதான். எந்த ஊர்ப் பனங்கள் திறம் என்று நாம் சண்டை பிடிப்பதிலும் பாதி ஊர்ப்பற்றுத்தான்.

நமக்கு யார் சரியான போட்டி?

கூனவாராவை விட இந்தியாவின் நாசிக்கையும் கம்பத்தையும் பார்ப்பது பயன். நாசிக்கின் அடியில் எரிமலைக் குழம்பு உறைந்த தக்காணத்துக் கருங்கல். நம் சுண்ணக்கல்லுக்கு எந்த உறவும் இல்லை. இருந்தும் அங்கே வைன் தொழில் நிலைத்திருக்கிறது. தென்மேற்கு மழை ஓய்கிற செப்டெம்பர், ஒக்ரோபரில் கவ்வாத்துப் பண்ணுகிறார்கள். மேட்டு நிலத்தின் குளிர்ந்த வறண்ட இரவுகளில் பழம் முற்றுகிறது, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. நமக்கு அதே நாட்காட்டி தலைகீழ். அங்கே மழை முடிகிற மாதத்தில் இங்கே மழை தொடங்குகிறது. தை, மாசிக் குளிரில் பழம் முற்ற வேண்டுமானால் பூ ஐப்பசி மழையில் நனைந்து பூஞ்சணத்துக்கு இரையாகும். மழை முடிந்து கவ்வாத்துப் பண்ணினால் பழம் சித்திரை வெயிலில் வேகும்.

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு வேறு வழி எடுத்தது. ஆண்டு முழுவதும் காய்க்கும் பன்னீர்த் திராட்சையை நம்பி, 2023இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. நம் பந்தல்களில் தொங்கும் இஸ்ரேல் புளூ இனத் திராட்சைக்கும் போத்தலை விடச் சாப்பாட்டு மேசைதான் இயல்பான இடம். தோலகட்டி ஆசிரமத்தின் வைனும் நெல்லி ரசமும் யாழ்ப்பாணத்தில் பெயர் பெற்றவை. அந்தப் பெயரை மண்ணின் பெயரோடு சேர்த்து யாரும் விற்கவில்லை, அதுவே நேர்மை.

யாராவது இங்கே வைனுக்கென்றே கொடி ஊன்றப் போகிறேன் என்றால் நான் சொல்வது: கரையோர மணலை விட்டுவிடுங்கள், செம்மண் ஆழமாக இருக்கிற காணியை எடுங்கள். மழை ஓய்ந்தபின் கவ்வாத்து, வெயிலைத் தாங்கியும் புளிப்பை விடாத இனம், சுண்ணத்தைத் தாங்கும் வேர். காய் நிறம் மாறும்போது இறைப்பைக் குறையுங்கள்; கூனவாராவில் மெல்லிய மண் செய்கிற வேலையை இங்கே சொட்டுநீர்க் குழாயின் வால்வு செய்யும். கிணற்று நீரின் உப்பை மாதந்தோறும் அளந்து பாருங்கள். பம்பை நீண்ட நேரம் ஓடவிட்டு நன்னீர்ப் படையை மெலியவைத்தால் அடியில் இருக்கும் கடல் நீர் மேலே ஏறும், அதன்பின் செம்மண்ணின் ஆழத்தைப் பார்த்து வாங்கிய காணிக்கும் கரையோர மணலுக்கும் வித்தியாசம் இருக்காது.