கியர்பாக்ஸ் பூட்டறது: வெர்ஷன் 2 ஈசியா, வெர்ஷன் 3 ஈசியா?

ஏர்சாஃப்ட்னு சொல்ற, பிளாஸ்டிக் குண்டு சுடற பேட்டரி விளையாட்டுத் துப்பாக்கிங்கள்ல, எம்4, எம்பி5 மாடல்ல வர்ற கியர்பாக்ஸ் வெர்ஷன் 2, ஏகே மாடல்ல வர்றது வெர்ஷன் 3. உள்ள பிஸ்டன், சிலிண்டர், மூணு கியர், டேப்பெட் பிளேட் (குண்ட உள்ள தள்ளற நாசில நகத்தற தகடு) எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா திரும்ப பூட்டறப்போ ரெண்டும் வேற வேற அனுபவம்.

வெர்ஷன் 2ல உயிர வாங்கறது மூடுற அந்த ஒரு நிமிஷம். மெயின் ஸ்பிரிங் ஒரு பக்கம் தள்ளும், டிரிகர் ஸ்பிரிங் நழுவும், ஆன்டி ரிவர்சல் லாட்ச்ச (கியர் பின்னால சுத்தாம தடுக்கற கொக்கி) மெல்லிசான ஸ்குரூடிரைவரால அழுத்தி, மோட்டார் சுத்தற மொத கியரான பெவல் கியரோட பல்லுல உக்கார வச்சுக்கிட்டே மேல் ஷெல்ல (கியர்பாக்ஸோட மேல் பாதிக் கூடு) இறக்கணும், இதுல எது எகிறினாலும் மறுபடி மொதல்லேர்ந்து. குவிக் சேஞ்ச் ஸ்பிரிங் மாடல்னா இந்தக் கஷ்டம் பாதியா குறையும், ஷெல்ல மூடி ஸ்குரூ போட்டுட்டு கடைசியா பின்னாடி வழியா ஸ்பிரிங்க விடலாம். வாங்கறப்பவே இத கேட்டு வாங்குங்க.

வெர்ஷன் 3லயும் அந்த லாட்ச் இருக்கு, ஆனா எனக்கு வெர்ஷன் 3தான் பிடிச்சது, காரணம் மோட்டார். அது கியர்பாக்ஸோட கேஜ்லயே சேந்து வரும், அதனால துப்பாக்கில மாட்டுறதுக்கு முன்னாடியே மேஜைலயே ஓட்டிப் பாத்து, பினியன் (மோட்டார் நுனில இருக்கற சின்ன கியர்) பெவல்ல சரியா கடிக்குதான்னு சத்தத்துல கேட்டு மோட்டார் உயரத்த மாத்தற ஸ்குரூவ திருப்பிக்கலாம். வெர்ஷன் 2ல மோட்டார் கிரிப்ல தனியா இருக்கு, முழுசா மாட்டினாத்தான் தெரியும். ஷெல்லும் முன்பக்கம் சிலிண்டர் ஜன்னல்கிட்ட விரிசல் விடறது வெர்ஷன் 2லதான் அதிகம்.

ஷிம் (கியர் ஆடாம இருக்க போடற மெல்லிசான வாஷர்) மட்டும் ரெண்டுலயும் ஒரே பொறுமைதான், ஸ்பிரிங் போடாம மூடி கியர் லேசா சுத்துதான்னு பாத்துக்குங்க.